நாள்முத்திரை யார் கையில்? மழைக் கொப்பிகளும் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸும்

எங்கள் முற்றத்தில் ஒரு மழைமானி நிற்கிறது. ஐந்து அங்குல வாயுள்ள செம்புப் புனல். திருகோணமலை உவர்மலையின் உப்புக் காற்றில் எப்போதோ பச்சை பூத்துவிட்டது. 1968இலிருந்து அப்பாவும், அவர் போன பிறகு 1996இலிருந்து நானும், காலை 8.30க்கு அதில் சேர்ந்த நீரை அளந்து கொப்பியில் எழுதி வருகிறோம். 1990 யூனில் இடம்பெயர்ந்தபோது பதினொரு மாதங்கள் வெற்றாகிப் போயின. மற்றபடி தொடர்ச்சி அறவில்லை. முதல் கொப்பிகளில் மழை அங்குலத்தில் இருக்கும், பிறகு மில்லிமீற்றரில். வருடத்துக்கு ஒன்றாக ஐம்பத்துச் சொச்சம் கொப்பிகள்.

ஒரு கணினிக் கோப்பு இன்ன நாளில் இருந்தது என்பதற்கு நாள்முத்திரை தரும் ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவச இணையச் சேவையை ஒரு வருடமாக நான் பயன்படுத்துவது இந்தக் கொப்பிகளுக்காகத்தான். பிட்கொயின் என்ற இணையக் காசில் ஒரு சதமும் போடாத, இனிப் போடவும் உத்தேசமில்லாத, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் ஒருவனின் மதிப்புரை இது. இந்தச் சேவை நம்பியிருக்கும் பிட்கொயினின் பொதுக் கணக்கேட்டுக்குப் பிளாக்செயின் என்று பெயர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் "எவ்வளவு போட்டீர்கள், சேர்?" என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது.

கடந்த வருடம் காலநிலை ஆய்வு செய்யும் இளைஞர் ஒருவர் வந்து இரண்டு நாட்கள் விறாந்தையில் உட்கார்ந்து கொப்பிகளைப் புரட்டினார். போகும்போது மிகப் பணிவாக, "சேர், குறை நினைக்காதீர்கள். இவற்றைப் போன மாதம் உட்கார்ந்து எழுதவில்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். சுருக்கென்றது. ஆனால் முப்பது வருடம் பிள்ளைகளிடம் அளவீட்டைக் காட்டாதே, அளந்த விதத்தைக் காட்டு என்று நச்சரித்தவன் நான். கோபப்பட எனக்கு என்ன உரிமை?

அவர் போன பிறகுதான் உறைகள் நினைவுக்கு வந்தன. அப்பா தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒவ்வொரு தை மாதமும் முந்தைய வருடத்தின் மாத மொத்தங்களை ஒரு தாளில் பிரதிசெய்து, உறையிலிட்டு ஒட்டி, தனக்கே பதிவுத் தபாலில் அனுப்புவார். வந்த உறையைத் திறக்கமாட்டார். "இந்த மனிதருக்குக் கடிதம் போட வேறு ஆளில்லை" என்று அம்மா அயலவரிடம் சொல்லிச் சிரிப்பார். ட்றங்குப் பெட்டிக்குள் இராமபாணப் பூச்சி தின்றது போக ஏழு உறைகள் மிஞ்சியிருந்தன.

என் தமக்கையின் மகள் நிலாவெளிப் பக்கம் வளாகத்தில் கணினி படிக்கிறாள். அவளிடம் பெருமையோடு உறைகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டாமல் அனுப்பிவிட்டு, வந்த பிறகு உள்ளே எதையும் வைக்கலாமே, மாமா" என்றாள்.

"நாள்முத்திரை எங்கே விழுந்திருக்கிறது, பார். ஒட்டிய மடிப்பின் மேல்" என்றேன்.

"குத்தியது யார்?"

அப்பாதான். அந்தக் கந்தோரில் முத்திரைக் கட்டை அவர் மேசையில்தான் இருந்தது. திகதியை முன்னே பின்னே திருப்ப ஒரு நிமிடம் போதும். அப்பா அப்படிச் செய்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். விறாந்தையில் இருந்துவிட்டுப் போன இளைஞருக்கு எப்படித் தெரியும்? எழுதியவரும் அவர், முத்திரை குத்தியவரும் அவர். அன்று முழுக்க நான் அவளுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மடிக்கணினியோடு வந்து, "யார் மேசையிலும் இல்லாத நாள்முத்திரை ஒன்று இருக்கிறது, மாமா" என்று இந்தத் தளத்தைத் திறந்து காட்டினாள்.

பயன்படுத்துவது எளிது. கோப்பை இழுத்துப் பக்கத்தில் போட வேண்டும். கோப்பு உங்கள் கணினியை விட்டு எங்கும் போவதில்லை. உலாவியே அதிலிருந்து எஸ்.எச்.ஏ-256 என்ற கணக்குமுறையால் 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரத்தைப் பிழிந்தெடுக்கிறது. ஹாஷ் என்பார்கள், எனக்குக் கைநாட்டு என்று சொல்லத்தான் வருகிறது. கோப்பில் ஒரு புள்ளி கூடிக் குறைந்தாலும் கைநாட்டு அடியோடு மாறிவிடும். கைநாட்டை வைத்துக்கொண்டு கோப்பைத் திரும்ப உண்டாக்க முடியாது. அந்தக் கைநாட்டு மட்டுமே வெளியே போகிறது. உலகின் பல மூலைகளிலிருந்து வரும் கைநாட்டுகளை நாட்காட்டிச் சேவையகங்கள் என்பவை வாங்கி, இரண்டிரண்டாகச் சேர்த்துப் புதுக் கைநாட்டு எடுத்து, அவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு கைநாட்டாக ஒடுக்கி, அதை பிட்கொயின் ஏட்டில் ஒரு பரிவர்த்தனையாகப் பதிகின்றன. ஆயிரம் பேருக்கும் ஒரே பரிவர்த்தனை. அதனால்தான் காசு கேட்கிறார்களில்லை. இதை 2016இல் தொடக்கிவைத்த பீட்டர் டொட், மறுவருடம் இன்டர்நெட் ஆர்க்கைவ் காப்பகத்தின் ஏறக்குறைய 75 கோடிக் கோப்புகளுக்கு இந்த வழியில் முத்திரை பெற்றுக் காட்டினார். அதற்குச் செலவானதும் ஒரேயொரு பிட்கொயின் பரிவர்த்தனைதான்.

உங்கள் கைக்கு வருவது ஓ.டி.எஸ் என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு. உங்கள் கைநாட்டிலிருந்து அந்த ஒற்றைக் கைநாட்டு வரை ஏறிப்போகும் படிக்கட்டு அதற்குள் இருக்கிறது. மூலக் கோப்பையும் இதையும் சேர்த்துக் கொடுத்தால், இந்தக் கோப்பு இன்ன திகதியில் இருந்தது என்று யாரும் சரிபார்க்கலாம். பிட்கொயின் ஏட்டில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு தொகுதி, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு, சேர்கிறது, ஒவ்வொன்றும் முந்தையதன் கைநாட்டைத் தாங்குகிறது. பழைய தொகுதி ஒன்றை மாற்ற நினைப்பவர் அதற்குப் பின்வந்த அத்தனையையும் மறுபடி கட்ட வேண்டும். நேரம் மட்டும் மணிக்கணக்கில் முன்பின்னாகலாம். திகதியை நம்பலாம், மணியை நம்பக்கூடாது. மழைக் கொப்பிக்கு நாள் போதும்.

இந்த யோசனை பிட்கொயினோடு பிறந்ததல்ல. ஊக்கின் விதியைப் படிப்பிக்கும்போது நான் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு. ரொபேட் ஊக் 1676இல் தன் கண்டுபிடிப்பை இலத்தீனில் ஒரே வரியாக எழுதி, எழுத்துகளைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கி வெளியிட்டார். இரண்டு வருடம் கழித்து 1678இல் அவிழ்த்துக் காட்டினார்: நீட்சி எவ்வாறோ விசையும் அவ்வாறே. விடயத்தை வெளிவிடாமலே முதலில் கண்டவன் நானென்று நிலைநாட்டும் தந்திரம். அதையே கணினிக்கு ஏற்றபடி 1991இல் ஸ்டூவர்ட் ஹேபரும் ஸ்கொட் ஸ்டோர்னெட்டாவும் எழுதினார்கள். 1995இலிருந்து அவர்களுடைய நிறுவனம் வாரந்தோறும் ஒரு கைநாட்டை நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில், அறிவித்தல்களும் காணாமற்போனவையும் வருகிற பகுதியில், விளம்பரமாகப் போட்டது. இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்விட்ட பத்திரிகையை யாரால் திருத்த முடியும்? பிட்கொயினை அறிமுகப்படுத்திய 2008 கட்டுரை மேற்கோள் காட்டும் எட்டு ஆக்கங்களில் மூன்று இவர்கள் இருவரும் சேர்ந்து எழுதியவை. 2009 ஜனவரி 3ஆம் திகதியிட்ட முதல் தொகுதிக்குள்ளேயே அன்றைய இலண்டன் பத்திரிகைத் தலைப்பு ஒன்று பொதிந்திருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் உறை ஞாபகம் வந்தது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

கொப்பிகளை ஸ்கான் செய்ய ஊரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடையின் பெயர் வேண்டாம். அந்தப் பையன் மரியாதையானவன், வேலையும் துப்புரவு. துப்புரவுதான் பிழையாகிப் போனது. அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களையும் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தான். பழுப்பேறிய தாள்கள் வெள்ளைவெளேரென்று, எழுத்து கன்னங்கரேலென்று, புதிதாக அச்சடித்த பஞ்சாங்கம் போல இருந்தன. மகிழ்ந்துபோய் அன்றிரவே எல்லாவற்றுக்கும் முத்திரை பெற்றேன்.

மூன்று வாரம் கழித்து 1973 ஓகஸ்ட் பக்கத்தை ஏதோ தேவைக்குத் திறந்தேன். கச்சான் காற்று வீசும் மாதம், மழை குறைவு. பக்கத்தில் பாதிக்கு மேல் கோடுதான். ஆனால் எனக்குள் ஏதோ உறுத்தியது. கொப்பியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொப்பியில் ஏழு நாட்களில் கோட்டுக்கு மேல் மங்கலாக, பென்சிலில், "தூ" என்று இருந்தது. தூறல். நிலம் நனைந்தது, ஆனால் அளவுகுழாயில் அளக்கப் போதவில்லை என்று அர்த்தம். ஸ்கான் செய்த பக்கத்தில் அந்த ஏழும் இல்லை. தாளின் பழுப்பை அழுக்கென்று எண்ணி வெளுக்கும்படி இயந்திரத்தை அமைத்திருக்கிறார்கள். பழுப்போடு பென்சிலும் போய்விட்டது.

மழையே பெய்யாத நாளுக்கும் தூறிய நாளுக்கும் உள்ள வித்தியாசம் சின்னது என்று தோன்றலாம். மழையில்லாத நாட்கள் தொடர்ந்து எத்தனை என்று எண்ணிப் பார்ப்பவரைக் கேளுங்கள். ஒரு "தூ" விழுந்தால் அந்தத் தொடர் அறுகிறது. இருபத்தெட்டு வருடக் கொப்பிகளில் அப்பா எழுதிய தூறல் முழுவதையும் அந்த இயந்திரம் ஒரே வீச்சில் வரட்சியாக்கிவிட்டது. நானோ அந்த வரட்சிக்கு உலகின் அசைக்க முடியாத ஏட்டில் முத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

சேவையின் பேரில் இதில் ஒரு குற்றமும் இல்லை. என்ன கொடுத்தேனோ அதற்குத்தான் அது சாட்சி சொன்னது. ஆனால் "பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் ஆவணம் நம்பகமாகிவிடும்" என்று மேடைகளில் பேசுபவர்களை நான் இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். மருமகள் நண்பர் ஒருவரின் ஸ்கானரை இரவல் வாங்கிவந்தாள். நிறத்தில், 300 டிபிஐயில், எந்த அழகுபடுத்தலும் இல்லாமல், ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தோம். தேநீர்க் கறை, கறையான் ஓட்டை, என் தம்பி சிறுவயதில் கிறுக்கிய ஆட்டுக்குட்டி எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. கடையில் எடுத்த முதல் ஸ்கான்களையும் அவற்றின் ஓ.டி.எஸ் கோப்புகளையும் அழிக்கவில்லை. "பிழையானது, பென்சில் இல்லை" என்று பெயரிட்டு அருகிலேயே வைத்திருக்கிறேன். கொப்பியில் பிழைத்த இலக்கத்தை அழிறப்பரால் அழிக்காமல் ஒற்றைக் கோடு கீறி, மேலே திருத்தி, பக்கத்தில் கையொப்பம் வைப்பது அப்பாவின் வழக்கம். அதுவே இதற்கும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், கைநாட்டு பொருந்தாது. ஆவணமாக இணைத்து அனுப்ப வேண்டும். படத்தைத் திருப்பிச் சேமித்தாலும் அதே கதிதான். இதைக் கற்க எனக்கு ஒரு வாரமும் இரண்டு சண்டைகளும் தேவைப்பட்டன.

இனி, இளைஞரின் கேள்விக்கு வருவோம். 1973ஆம் ஆண்டுக் கொப்பிக்கு இன்று பெறும் முத்திரை, அந்தக் கொப்பி இன்று இருந்தது என்று மட்டுமே சொல்லும். 1973இல் இருந்ததா என்று அதற்குத் தெரியாது. பின்னோக்கிச் செல்லும் நாள்முத்திரை கிடையாது. அப்பாவின் கொப்பிகளுக்கு இந்தச் சேவை பிந்தி வந்துவிட்டது. அவற்றுக்கு மையையும் தாளையும் பார்க்கத் தெரிந்தவர்களும், அந்த ஏழு உறைகளும், அக்கம்பக்கத்து நிலையங்களின் பதிவோடு ஒப்பிடுவதும்தான் வழி. என் கொப்பிக்கு உதவும். காலையில் எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அன்றே முத்திரை பெற்றால், பிறகு நானே நினைத்தாலும் அதில் கைவைக்க முடியாது.

அங்கேயும் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மருமகள்தான் கண்டுபிடித்தாள். ஒரே நாளுக்கு இரண்டு பக்கம் எழுதி, இரண்டுக்கும் முத்திரை வாங்கி, பின்னாளில் வசதியான பக்கத்தை மட்டும் காட்டலாம். சேவைக்கு அது தெரியவராது, ஏனென்றால் யார் என்ன கொடுத்தார்கள் என்று அது கேட்பதே இல்லை. இதற்கு நாங்கள் செய்யும் மாற்று கொஞ்சம் பட்டிக்காட்டுத்தனமானது: முந்தைய நாள் படத்தின் கைநாட்டில் முதல் எட்டு எழுத்துகளை இன்றைய பக்கத்தின் மேல்மூலையில் பேனையால் எழுதுகிறேன். ஞாயிறு தோறும் கடைசிக் கைநாட்டு முழுவதையும் மூன்று பேருக்கு அனுப்புகிறேன். ஒருவர் மூதூரில், ஒருவர் கிண்ணியாவில், ஒருவர் டொரன்டோவில். மூவரின் கைபேசிகளும் என் நியூயோர்க் டைம்ஸ்.

இந்தச் சேவை எதையும் பாதுகாத்து வைப்பதில்லை என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஒவ்வொன்றின் கைநாட்டும் பத்திரமாக இருந்திருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்? எரிந்தவற்றின் 97,000 சரங்கள். பிரதி இருந்தால்தான் முத்திரைக்கு வேலை. பிரதி எடுத்துப் பரப்புகிற வேலையை 2005 முதல் நூலகம் என்ற மின்நூலகம் செய்துவருகிறது. அது வேறு வேலை, இதைவிடக் கடினமான வேலை. நம்மூர்க் கோட்டை வாசலில் இரட்டைக் கயலோடு இருக்கிற கல்வெட்டையே பாருங்கள். கல்லில் இன்று கண்ணுக்குத் தெளிவது சில எழுத்துகள். மீதியை ஊர் மனப்பாடமாக நிரப்புகிறது. நிரப்பியது எப்போது, யார் என்று ஒரு நாள்முத்திரையும் இல்லை. ஆனால் மனப்பாடம் செய்தவர்கள் இல்லையென்றால் விவாதிக்கவே ஒன்றும் இருந்திருக்காது.

முதல் மாதத்தில் நான் விட்ட இன்னொரு பிழை: முத்திரை பெற்றவுடன் கிடைக்கும் ஓ.டி.எஸ் கோப்பு முழுமையானதல்ல. கைநாட்டு பிட்கொயின் ஏட்டில் ஏறச் சில மணிநேரம் பிடிக்கும். அதன்பிறகு அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். புதுப்பிக்காதவரை நீங்கள் அந்த நாட்காட்டிச் சேவையகங்களை நம்பி இருக்கிறீர்கள். புதுப்பித்துவிட்டால் நாளை அவையெல்லாம் மூடிக்கொண்டாலும் கவலையில்லை. தளத்தில் இதை என்னைப் போன்றவன் கண்ணில் படும்படி எழுதலாம். பைத்தன் என்ற கணினிமொழி வழியாக இயங்கும் கட்டளை நிரலில் ஒரே வரியில் முடிகிறது. மருமகள் அதை இரவு தானாக ஓடும்படி வைத்துவிட்டாள். அவள் இல்லாத வீட்டில் இது நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

சரிபார்ப்பதிலும் ஒரு நுணுக்கம். தளத்திலேயே சரிபார்த்தால் பிட்கொயின் ஏட்டைக் காட்டும் வேறு தளங்களை நம்புகிறீர்கள். ஒருவரையும் நம்பமாட்டேன் என்பவர் ஏடு முழுவதையும் தன் கணினிக்கு இறக்க வேண்டும். அது 500 ஜிகாபைற்றைத் தாண்டியாயிற்று. என் இணைய இணைப்புக்கு அது ஆகிற காரியமல்ல. பிட்கொயின் குடிக்கும் மின்சாரத்தைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு; 2022இல் 13 மணிநேர மின்வெட்டில் விசிறிமட்டையோடு இருந்தவர்களுக்கு அது இலேசான விடயமல்ல. என் கைநாட்டு அந்தச் செலவில் ஒன்றையும் கூட்டுவதில்லை என்று மருமகள் கணக்குக் காட்டுகிறாள். கணக்கு சரிதான். மனக்குறை போகவில்லை.

இதற்கிடையில் காசு வாங்கும் சேவை ஒன்றையும் பார்த்தேன். தங்க நிற இலச்சினை, என் பெயரிட்ட அழகான சான்றிதழ், வருடக் கட்டணம். சரிபார்க்க அவர்களுடைய தளத்துக்கே போக வேண்டும். ஒன்பதாம் மாதம் தளம் திறக்கவில்லை. சான்றிதழ் இன்னும் என்னிடம் இருக்கிறது, சட்டம் போட்டு மாட்டலாம்.

அயலில் இருவர் காணி உறுதிக்கு இதைச் செய்து தரும்படி கேட்டு வந்தார்கள். திருகோணமலையில் காணி என்றால் எவருக்கும் தூக்கம் வராது என்பது எனக்கும் தெரியும். நொத்தாரிசிடமும் காணிப் பதிவகத்துக்கும் போங்கள் என்று அனுப்பிவிட்டேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்னணு ஆவணங்களுக்குப் பொதுவாக ஏற்பு வழங்குகிறது. ஆனால் உறுதிப் படத்தின் கைநாட்டு காணி யாருடையது என்று சொல்லாது. உறுதியில் உள்ளது பொய்யென்றால், பொய்க்கு நாள்முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான்.

புள்ளி போடச் சொன்னால், அளவெடுத்து எழுதுகிறவர்களுக்கு, கூடவே ஒரு மருமகளும் இருந்தால், ஐந்துக்கு நான்கு. பழைய ஆவணங்களைக் காப்பாற்ற ஓடி வருபவர்களுக்கு இரண்டு. அவர்கள் முதலில் நல்ல ஸ்கானரும் மூன்று ஊர்களில் மூன்று பிரதிகளும் தேடட்டும்.

கிண்ணியா நண்பர் என்னோடு இருபது வருடம் கணிதம் படிப்பித்தவர். போன மாதம் அவர் ஞாயிற்றுக்கிழமைச் செய்திக்குப் பதில் போட்டார்: "சேர், ஒரு வருடமாக வாரம் தவறாமல் அறுபத்து நான்கு எழுத்து அனுப்புகிறீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் மழை எத்தனை மில்லிமீற்றர் என்று ஒரு நாளாவது சொன்னீர்களா? வயல்காரன் என்னிடம்தான் கேட்கிறான்."

இப்போது கைநாட்டுக்குக் கீழே அதையும் எழுதுகிறேன். இந்த வாரம் 11.4, இரண்டு நாள் தூ.